எழுதுபவருக்கு நான்கு பெயர்கள்: தாய்லாந்து மொழி தொழில் செய்வோரை அழைக்கும் விதம்

தாய்லாந்து மொழியில் ‘கியன்’ என்ற வினைக்கு எழுதுதல் என்று பொருள். வரைதலையும் அதே சொல்லால்தான் குறிப்பார்கள். ‘சித்திரம் எழுதினான்’, ‘கண்ணுக்கு மை எழுதினாள்’ என்ற தமிழ் வழக்கை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. இந்த ஒரு வினையிலிருந்து அம்மொழி நான்கு மனிதர்களை உருவாக்குகிறது. ‘நக் கியன்’ எழுத்தாளர். ‘சாங் கியன்’ ஓவியர். ‘பூ கியன்’ ஒரு குறிப்பிட்ட கட்டுரையையோ நூலையோ எழுதியவர். ‘கொன் கியன்’ பேச்சு வழக்கில் ‘எழுதின ஆள்’. நான்கிலும் ‘கியன்’ துளியும் மாறவில்லை. அதன் முன்னால் வந்து நிற்கும் சிறு சொல்தான் அவர் யார், எந்த உரிமையில் எழுதுகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது.

தமிழில் ஆளைக் குறிக்கும் உறுப்பு சொல்லின் கடைசியில் வரும். பால்காரர், தொழிலாளி, எழுத்தாளர் ஆகிய சொற்களில் பாலும் தொழிலும் எழுத்தும் முன்னே நிற்க, காரரும் ஆளியும் ஆளரும் பின்னே வருகிறார்கள். தாய்லாந்து மொழியில் சொற்கள் விகுதி ஏற்று உருமாறுவதில்லை. பெயரைச் சிறப்பிக்கும் சொல் அந்தப் பெயருக்குப் பின்னால்தான் வரும் என்பது அதன் அடிப்படை ஒழுங்கு. ஆகவே ஆளைக் குறிக்கும் சொல் முதலில் வந்துவிடும்; அவர் என்ன செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார் என்பது பிறகே தெரியவரும்.

முன்னே நிற்கும் சொற்களில் மிகுதியாகப் புழங்குவது ‘நக்’. இது கம்போடியாவின் கெமர் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ஆள் என்ற பொருளுள்ள சொல் இது, அங்கும் இன்றுவரை தொழில்களின் பெயர்களுக்கு முன்னால் நின்று இதே வேலையைச் செய்கிறது. தாய்லாந்தில் இது ஒன்றைப் பயின்று அதிலேயே ஈடுபட்டிருப்பவரைச் சுட்டுகிறது. ‘பின்’ என்றால் பறத்தல், ‘நக் பின்’ விமானி. ‘ரோங்’ என்றால் பாடுதல், ‘நக் ரோங்’ பாடகர். ‘காவ்’ என்றால் செய்தி, ‘நக் காவ்’ செய்தியாளர். பள்ளி மாணவர் ‘நக் ரியன்’, அதாவது கற்பவர். பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் அவரே ‘நக் சுக்சா’ ஆகிவிடுகிறார். இந்தச் ‘சுக்சா’ சமஸ்கிருதத்தின் ‘சிக்ஷா’தான். நக் எப்போதும் பெருமைக்குரிய பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். சிறைக் கைதியும் ‘நக் தோட்’தான், குற்றம், தண்டனை என்ற பொருளுள்ள ‘தோட்’, நம் ‘தோஷம்’ பிறந்த அதே மூலத்திலிருந்து வந்தது.

நக்குக்கும் ‘பூ’வுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். ‘ஆன்’ என்றால் வாசித்தல். ‘பூ ஆன்’ இதை வாசிப்பவர். ஏறத்தாழ நம் வினையாலணையும் பெயர். ‘நக் ஆன்’ வாசிப்பையே வழக்கமாகக் கொண்ட புத்தகப் பிரியர். முன்னது ஒரு செயலோடு முடிந்துவிடுகிறது. பின்னது ஆளின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. ஆனால் ‘பூ’ எழுத்து வழக்கின் மிடுக்கு உடையது என்பதால் பதவிகளின் பெயர்களும் அதைத் தேடிச் செல்கின்றன. மேலாளர் ‘பூ சட்கான்’. நீதிபதி, மாகாண ஆளுநர், கிராமத் தலைவர் ஆகியோரின் பதவிப் பெயர்களும் ‘பூ’வில்தான் தொடங்குகின்றன. ‘கொன்’ இதற்கு நேர் மாறான எளிய சொல். ‘கொன் சுவன்’ தோட்டக்காரர், ‘கொன் கப் ரொட்’ வண்டி ஓட்டுபவர்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு உரியது ‘சாங்’. மரம் ‘மாய்’, தச்சர் ‘சாங் மாய்’. பொன் ‘தோங்’, பொற்கொல்லர் ‘சாங் தோங்’. படம் ‘பாப்’, புகைப்படக் கலைஞர் ‘சாங் பாப்’. முடி வெட்டுபவரும் மின்பணியாளரும் இந்த வரிசையில் சேர்ந்தவர்களே. இந்தச் சொல்லை இறங்கும் தொனியில் ஒலிக்க வேண்டும்; உயர்ந்த தொனியில் சொன்னால் யானை என்று பொருள்படும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும் என்பதால் இங்கு நான் தரும் ஒலிப்புகளை ஓரளவுக்கே நம்ப வேண்டும். அரண்மனைக் கைவினைஞர் மரபுக்குச் ‘சாங் சிப் மூ’ என்று பெயர். ‘சிப்’ என்றால் பத்து என்பதால் பத்துப் பிரிவினர் என்று பொருள் கொள்வது வழக்கம். ஆனால் அது எண்ணே அல்ல, பௌத்த நூல்களின் மொழியான பாலியில் கைவினையைக் குறிக்கும் ‘சிப்ப’ என்ற சொல்தான் என்று விளக்குவோரும் உண்டு. அவ்வாறாயின் அது நம் சிற்பத்துக்கு உறவு. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

என்னை மிகவும் ஈர்த்தது ‘மோ’. இன்று தனியே சொன்னால் மருத்துவர் என்றுதான் பொருள். ஆனால் ‘மோ டூ’ என்பவர் சோதிடர் (‘டூ’ என்றால் பார்த்தல்), ‘மோ ஙூ’ பாம்பாட்டி, ‘மோ பீ’ பேயோட்டுபவர். வடகிழக்கு ஈசான் பகுதியின் மரபுப் பாடகரோ ‘மோ லாம்’. ஒரு வித்தையில் கைதேர்ந்தவர் என்ற விரிந்த பொருள் இந்தக் கூட்டுச் சொற்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பல் மருத்துவரைப் பேச்சில் ‘மோ ஃபன்’ என்பார்கள். மருத்துவர் முதலில், பல் பிறகு. மருத்துவமனைப் பலகையிலும் சான்றிதழிலும் அவர் ‘தன்தபேட்’ ஆகிறார். இதில் ‘தன்த’ சமஸ்கிருத ‘தந்த’, அதாவது பல். ‘பேட்’ சமஸ்கிருத ‘வைத்ய’. ஆக, பல் முன்னே வந்துவிட்டது, மருத்துவர் பின்னே போய்விட்டார். ஒரே மனிதரின் இரு பெயர்கள் கண்ணாடிப் பிம்பங்கள்போல எதிரெதிர் வரிசையில் நிற்கின்றன. சமஸ்கிருதத்திலிருந்தும் பாலியிலிருந்தும் சொற்களை எடுத்த தாய்லாந்து மொழி, இத்தகைய கலைச்சொற்களில் அவற்றின் தொகை வரிசையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. எழுத்து வடிவம்கூட மூலத்தைக் கைவிடவில்லை. ‘வைத்ய’வின் யகரம் இன்றும் ‘பேட்’ என்ற சொல்லின் இறுதியில் எழுதப்படுகிறது. அதன் தலையில் ஒரு சிறு குறியை இட்டு, இதை ஒலிக்காதே என்று உணர்த்துகிறார்கள்.

செய்பவர் என்று பொருள்படும் ‘கர’ என்ற சமஸ்கிருத இறுதியும் இவ்வாறே வருகிறது. சொல்லிறுதி ரகரம் அங்கு னகரமாக ஒலிப்பதால் ‘கர’ என்பது ‘கோன்’ ஆகிறது. ஓவியர் ‘சித்தரகோன்’, பொறியாளர் ‘வித்சவகோன்’. இதன் முதற்பகுதி விசுவகர்மாவின் ‘விசுவ’. விழாவைத் தொகுத்து வழங்குபவர் ‘பிதீகோன்’, அதாவது ‘விதி’ (இங்கு சடங்கு என்ற பொருளில்) செய்பவர். வேளாண்மையில் இரு வழக்குகளும் அருகருகே நிற்கின்றன. அரசு ஆவணத்தில் விவசாயி ‘கசேத்தரகோன்’, நிலத்தைக் குறிக்கும் ‘க்ஷேத்திர’த்தோடு ‘கர’ சேர்ந்தது. ஊரிலோ அவர் ‘சாவ் நா’, வயலைச் சேர்ந்தவர். இந்தச் ‘சாவ்’ ஓர் ஊரையோ நாட்டையோ சேர்ந்தவர்களையும் குறிக்கும் சொல். நெல் விளைவிப்பதை ஒரு வேலையாக அல்லாமல், மண்ணோடு உள்ள உறவாக அது பார்க்கிறது.

சந்தையில் விற்கும் பெண் ‘மே கா’, ஆண் ‘போ கா’. ‘மே’ தாய், ‘போ’ தந்தை, ‘கா’ வணிகம். ‘மே’ தலைமையையும் குறிப்பதால் படைத்தளபதி ஆணாக இருந்தாலும் ‘மே தப்’, படையின் தாய். இன்றும் தாய்லாந்துத் தரைப்படையின் பிராந்தியத் தளபதிகளுக்கு இதுவே பதவிப் பெயர்.

புதிய தொழில்கள் இந்த வரிசைகளில் இடம் தேடுகின்றன. வடிவமைப்பாளருக்கு ‘நக் ஓக் பேப்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. புரோகிராமர் எந்த முன்சொல்லும் இல்லாமல் ஆங்கிலப் பெயரோடே உலவுகிறார். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுவருபவரைப் பலரும் ‘ரைடோ’ என்கிறார்கள். ஆங்கில ‘ரைடர்’ அங்கு இப்படி ஒலிக்கிறது. எளிய பேச்சில் அவர் ‘கொன் சொங் ஆஹான்’, உணவு கொண்டுசேர்க்கும் ஆள். பணியாளர் என்ற பொருளுள்ள ‘பனக்ஙான்’ என்ற சொல்லை முன்னே வைத்தால் அவர் ‘பனக்ஙான் சொங் ஆஹான்’ ஆகிவிடுவார். இந்த ‘ஆஹான்’ நம் ‘ஆகாரம்’தான், ‘கர’ கோன் ஆனது போலவே, இங்கும் இறுதி ரகரம் னகரமாக மாறியிருக்கிறது.