வெட்டிய கயிறு எப்படி ஒட்டுகிறது?

மட்டக்களப்பில் ஒரு பாடசாலை மேடை. மெஜிக்காரர் வெள்ளைக் கயிறொன்றின் நடுவை உயர்த்திப் பிடிக்கிறார். முன்வரிசைச் சிறுமி கத்தரிக்கோலால் வெட்டுகிறாள். நான்கு நுனிகள். இரண்டைக் கீழே தொங்கவிடுகிறார், மேலே நிற்கும் இரண்டையும் முடிச்சுப் போடுகிறார், கயிற்றைக் கையில் சுற்றி ஓர் ஊது. விரித்தால் முடிச்சுமில்லை, வெட்டுமில்லை.

இரகசியத்தைச் சொன்னால் யாருடைய பிழைப்பிலும் மண் விழாது. 1584 இல் இங்கிலாந்தின் ரெஜினோல்ட் ஸ்கொட் இந்த வித்தையை நூலில் அச்சிட்டேவிட்டார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை.

சிறுமி வெட்டியது நடுவை அல்ல. தொங்கும் நடுப்பகுதியை, நுனிகளைப் பிடித்திருக்கும் மற்றக் கைக்குக் கொண்டுபோகும்போது, விரல்கள் நுனிக்குச் சற்றுக் கீழே உள்ள கயிற்றைப் பிடித்து அந்த நடுவுக்குள்ளால் கொளுவி, வளையமாக மேலே இழுக்கின்றன. உண்மையான நடு பொத்திய கைக்குள் பத்திரமாக இருக்கும். வெட்டுப்பட்டுப் பிரிவது நுனியோரத்துச் சிறு துண்டு. அதைத்தான் நீளக் கயிற்றின் மேல் முடிச்சாகக் கட்டுகிறார். கையில் சுற்றும்போது முடிச்சு வழுக்கி உள்ளங்கைக்குள் வந்துவிடும். கத்தரிக்கோலை வைக்கும் சாக்கில் சட்டைப்பைக்குப் போய்விடும். கயிறு கொஞ்சம் குட்டையாகியிருக்கும், ஆனால் யார் அளந்து பார்க்கிறார்கள்?

சரி, கைவேலை இவ்வளவுதான். மீதியைப் பார்ப்பவரின் மூளை செய்துகொடுக்கிறது. கல்லடிப் பாலத்தை ஒரு தென்னை மறைத்தால் கண்ணில் விழுவது இரண்டு துண்டுப் பாலம். ஆனால் பாலம் உடைந்துவிட்டதென்று யாரும் பதறுவதில்லை. மறைந்த இடத்தை மூளை தானே நிரப்பிவிடும். 1983 இல் உளவியலாளர்களான பிலிப் கெல்மனும் எலிசபெத் ஸ்பெல்கியும் 4 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். நடுப்பகுதி மறைக்கப்பட்ட கோலொன்றின் மேல்முனையும் கீழ்முனையும் சேர்ந்தே அசைந்தன. குழந்தைகளுக்குச் சலித்த பிறகு மறைப்பில்லாமல் முழுக்கோலையும், இடைவெளியுள்ள இரு துண்டுகளையும் காட்டினார்கள். துண்டுகளையே அதிக நேரம் பார்த்தார்கள், அவைதான் புதுசு. அதாவது, மறைப்புக்குப் பின்னால் ஒரே கோல் இருப்பதாகவே அவர்கள் எடுத்திருந்தார்கள்.

மேடையில் அந்த மறைப்பு, மெஜிக்காரரின் பொத்திய கை. மேலே இரண்டு நுனிகள், கீழே இரண்டு கயிறுகள். ஒவ்வொரு நுனியையும் நேர் கீழே தொங்கும் கயிற்றோடு நாம் இணைத்துவிடுகிறோம். உள்ளே இருப்பதோ ஒன்றுக்குள் ஒன்று கொளுவிய இரண்டு வளைவுகள். கையை அவர் இலேசாக ஆட்டினால் எல்லாம் சேர்ந்தே அசையும், நம்பிக்கை இன்னும் இறுகும்.

கொளுவும் அந்த நொடியில் அவர் சிறுமியின் பெயரைக் கேட்பார். கை நீட்டிப் பிடித்த பெருவிரல் நகத்தளவு இடத்தைத்தான் நம் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கும். அது அப்போது அவள் முகத்தில் இருக்கும்.

வீட்டில் செய்து பார்ப்பதென்றால் தும்புக் கயிறு வேண்டாம், முடிச்சு வழுக்காது. மென்மையான பருத்திக் கயிறு வாங்கி, உள்ளே திரி இருந்தால் உருவிவிடுங்கள்.