புது டெஸ்க்டாப் போடுங்கள், பழையதைப் பிடுங்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் பல்லடம் பக்கமிருந்து ஒரு போன். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிற சின்ன யூனிட். கணக்குப் பார்க்கிற தம்பிதான் பேசினார். "ஏனுங்கண்ணா, சிஸ்டம் கருப்பாவே நிக்குதுங்க. மூணு மாசத்துக் கணக்கு அதுலதானுங்க இருக்குது."

நேரில் போனேன். கருப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்மினுக்கென்று. நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "உபுண்டு ரொம்ப மெதுவா இருந்துச்சுங்க. ஒரு வீடியோ பாத்து எக்ஸ்எஃப்சிஇ போட்டேன், நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் பழசை எடுத்துட்டேன்." உபுண்டு என்பது விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற ஒரு லினக்ஸ் சிஸ்டம். எக்ஸ்எஃப்சிஇ அதன் மேல் போடுகிற ஒரு டெஸ்க்டாப், அதாவது மெனுவும் ஜன்னல்களும் ஐகான்களும் தெரிகிற திரை அமைப்பு.

இந்த மாதத்தில் இது மூன்றாவது. இதற்கு முந்தையது ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப். என்னிடம் வருவதற்குள் ஒரு கடையில் 'ஓஎஸ் போயிடுச்சு' என்று ஃபார்மட் அடித்துவிட்டார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் மொத்தமும் போனது. அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் கெட்டிருந்தது லாகின் திரை மட்டும்தான். அந்தப் பெண் என் முன்னால் உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

பழையதை ஏன் எடுக்கிறீர்கள்? யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ரெண்டும் இருந்தா ஸ்லோ ஆயிடுங்க." விண்டோஸில் இரண்டு ஆன்டிவைரஸ் போடக் கூடாது என்று கேட்டுப் பழகியதிலிருந்து வந்த பயம் இது. ஆன்டிவைரஸ் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு இருந்தால் மோதிக்கொள்ளும். டெஸ்க்டாப் அப்படியில்லை. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைகிறீர்களோ அதுதான் ஓடும். மற்றது டிஸ்கில் ஓரிரண்டு ஜிபி இடத்தில் சும்மா கிடக்கும். பட்டியில் கட்டியிருக்கிற மாடு தீனி தின்னும். ஷெட்டில் நிற்கிற வண்டி பெட்ரோல் குடிக்காது. உபுண்டுவோடு வந்த பழைய டெஸ்க்டாப்பான க்னோம், ஷெட்டில் நிற்கிற வண்டி. மெனுவில் இரண்டு டெர்மினல், இரண்டு ஃபைல் மேனேஜர் தெரியும், உண்மைதான். கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவே. அதற்காக வேரோடு பிடுங்குவதா?

லினக்ஸ் என்பது அந்தத் திரை மட்டும் இல்லை. டெஸ்க்டாப்புகள் பல: கேடிஇயும் எக்ஸ்எஃப்சிஇயும் 1996இல் தொடங்கியவை, க்னோம் 1997இல். உபுண்டுவே 2011இல் யூனிட்டி என்ற டெஸ்க்டாப்புக்கு மாறி, 2017இல் மறுபடி க்னோமுக்கு வந்தது. அடியில் இருக்கும் சிஸ்டத்தின் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஒன்றின் சாமான் இன்னொன்றுக்கும் பயன்படும். ஒன்றை உருவினால் எதெது கூட வரும் என்று வீடியோக்காரர் சொல்ல மாட்டார்.

தம்பிக்கு நடந்தது இதுதான். சுபுண்டு (எக்ஸ்எஃப்சிஇயோடு வரும் உபுண்டு) டெஸ்க்டாப் நிறுவும்போது ஒரு கேள்வித் திரை வந்திருக்கிறது: லாகின் திரைக்கு ஜிடிஎம்3 வேண்டுமா, லைட்டிடிஎம் வேண்டுமா? இரண்டுமே லாகின் திரையைக் காட்டுகிற புரோகிராம்கள், ஜிடிஎம்3 க்னோமுடையது. என்னவென்று தெரியாமல், முதலில் இருந்த ஜிடிஎம்3-க்கே என்டர் தட்டியிருக்கிறார். அதில் தவறே இல்லை. மறுநாள் வீடியோவில் இருந்தபடி, க்னோம் என்ற பெயருக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டு பர்ஜ் (முழுதாக நீக்கும் கட்டளை) கொடுத்திருக்கிறார். அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாம் போனது. க்னோம் இல்லாமல் ஜிடிஎம்3 நிற்காது, அதுவும் கூடவே போனது. வாசலில் கதவு திறக்க ஆள் இல்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எழுத்துத் திரை வந்தது. பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னேன். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாமல் அடித்து என்டர் தட்ட வேண்டும். உள்ளே போய் ஃபைல் பட்டியலைக் காட்டினேன். மூன்று மாதக் கணக்கும் அப்படியே இருந்தது. தம்பி நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். சூடோவுடன் (நிர்வாகி அதிகாரத்தோடு) டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லைட்டிடிஎம் என்று கொடுத்து, லைட்டிடிஎம்மைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். வேலை முடிந்தது.

மாற்றிப் பார்க்க ஆசையா, தாராளமாகச் செய்யுங்கள். முதலில் உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு காப்பி எடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். டிஸ்கில் ஐந்து ஜிபியாவது காலியாக இருக்கட்டும். டிஸ்க் நிரம்பினாலும் லாகின் திரைக்கே திரும்பத் திரும்பத் தள்ளும். பிடிக்குமா என்றே தெரியாவிட்டால் பென்டிரைவில் சுபுண்டுவை லைவாக, அதாவது நிறுவாமலே, ஓட்டிப் பாருங்கள். நிறுவிய பின் புதிய யூசர் ஒன்று உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள், உங்கள் பழைய செட்டிங் கலையாது. ஜிடிஎம்3 லாகின் திரையில் பெயரைச் சொடுக்கிய பிறகுதான் கீழே வலது மூலையில் பற்சக்கரம் தெரியும். அதில்தான் டெஸ்க்டாப்பை மாற்ற வேண்டும். அதைக் காணாமல் 'இன்ஸ்டாலே ஆகலை' என்று திரும்பத் திரும்ப நிறுவுகிறவர்கள் நிறையப் பேர்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் கவனியுங்கள். க்னோமில் சேர்த்து வைத்த தமிழ்99 விசைப்பலகை புது டெஸ்க்டாப்புக்குத் தானாக வராது. ஐபஸ் (மொழித் தட்டச்சு புரோகிராம்) செட்டிங்கில் போய் மறுபடி சேர்க்க வேண்டும்.

எழுத்துத் திரையில் சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் (டெஸ்க்டாப்பைத் தொடங்கும் கட்டளை) கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் ஹோமில் ரூட் (நிர்வாகி) பெயரில் ஃபைல் உருவாகி லாகின் சிக்கிக்கொள்ளலாம்.

எதை நீக்கினாலும், 'ரிமூவ்டு' என்று வரும் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். 2021இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற பிரபல யூடியூபர், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப் போய் டெஸ்க்டாப்பையே இழந்தார். சிஸ்டம் எச்சரித்து, 'எஸ், டூ ஆஸ் ஐ சே' என்று முழு வாக்கியமாக அடிக்கச் சொன்னது. அடித்தார். அவருக்கே அப்படி என்றால், ஒய் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற நமக்கு?

இன்னொன்று, கணினி மெதுவாக இருப்பதற்கு டெஸ்க்டாப்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். 4 ஜிபி ரேம், பழைய ஹார்டுடிஸ்க், பிரவுசரில் இருபது டேப். பல இடங்களில் ஒரு எஸ்எஸ்டி மாட்டியதும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

ஏற்கெனவே கருப்புத் திரையில் நிற்கிறீர்களா? மேலே சொன்ன எஃப்3 வழியைப் பாருங்கள். நெட் வேண்டுமென்றால் லேன் கேபிள் செருகுங்கள். ஒன்றும் புரியவில்லை என்றால் மெஷினை அப்படியே அணைத்து வையுங்கள். கடைக்குக் கொண்டுபோனால், "முதல்ல என் ஃபைலை காப்பி எடுத்துக் குடுங்க, அப்புறம் எதுவானாலும் பண்ணுங்க" என்று சொல்லி, காப்பி உங்கள் கைக்கு வந்து, அதைத் திறந்து பார்க்கும்வரை அங்கேயே நில்லுங்கள். தயவுசெய்து நில்லுங்கள்.