எலிக்குக் குணமான மறதி

நரம்பியல் மருத்துவராக நான் பார்க்கும் அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகள், சில மாதங்களுக்கு ஒருமுறையாவது கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டி, “எலிகளுக்கு ஞாபகம் திரும்பிவிட்டதாமே டாக்டர், அப்பாவுக்கு அந்த மருந்து எப்போது கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வது எளிதன்று.

எலிக்கு இயல்பாக அல்சைமர் வருவதில்லை. நோயாளியின் மூளையில் படிவாகத் திரள்வது அமிலாய்டு என்ற புரதம். எலியின் அமிலாய்டு மனிதருடையதிலிருந்து மூன்று அமினோ அமிலங்களில் வேறுபடுவதால், அது மூளையில் படிவாகத் திரள்வதில்லை. ஆகவே, இளவயதிலேயே பரம்பரையாக நோய் வரும் அரிய குடும்பங்களில் காணப்படும் பிறழ்ந்த மனித மரபணுவை எலிக்குள் செலுத்தி, ஆய்வாளர்கள் படிவுகளை உண்டாக்குகிறார்கள். நோயாளிகளில் இந்தப் பரம்பரை வகையினர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. என்னிடம் வருபவர்களோ முதுமையோடு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் சுமந்தவர்கள். இத்தகைய எலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் படிவு நிறைய இருந்தாலும், நோயுற்ற மனித மூளையில் காணும், டௌ என்ற இன்னொரு புரதத்தின் முடிச்சுகள் உருவாவதில்லை, நரம்பணுக்கள் அவ்வளவாக மடிவதும் இல்லை. நினைவை அழிப்பதில் பெரும்பங்கு அந்த இழப்புக்குத்தான்.

1999இல் அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசி ஒன்று எலிகளில் படிவைத் தடுத்தது, ஏற்கெனவே இருந்ததையும் குறைத்தது. மனிதரிடம் சோதித்தபோது, ஊசி பெற்ற 300 பேரில் 18 பேருக்கு மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி ஏற்பட்டதால், 2002 ஜனவரியில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. எலிகளிடம் இந்த ஆபத்து முன்கூட்டித் தென்படவில்லை. அதே ஊசியின் முதற்கட்டச் சோதனையில் பங்கேற்றுப் பின்னர் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, அதைவிட வேதனையானது: சிலருக்குப் படிவு ஏறத்தாழ முழுவதும் நீங்கியிருந்தும், இறக்கும் முன் அவர்களது மறதி முற்றிய நிலையை எட்டியிருந்தது.

விலங்காய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. 1957இல், வேறொரு மருந்தால் முடங்கிப்போன முயல்களை லெவோடோபா என்ற மருந்து மீண்டும் நடமாட வைத்ததை ஸ்வீடன் ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன் காட்டினார். இன்றும் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு அதைத்தான் முதலில் எழுதுகிறேன். பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ஒற்றைப் பொருளின் குறையை முயல் சரியாகவே காட்டியது. ஆனால் அந்த மருந்து நடுக்கத்தையும் விறைப்பையும் தணிக்குமே தவிர, நரம்பணுக்கள் மடிவதை நிறுத்தாது.

மனித நோயை அறிய மனித மூளைத் திசுவே வேண்டும். பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் அதற்கென, இறந்தவர்களின் மூளைகளைத் தானமாகப் பெற்றுப் பாதுகாக்கும் மூளை வங்கி இருக்கிறது. எலிச் செய்தியைக் காட்டும் பிள்ளைகளிடம் அதைப் பற்றியும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். தந்தை அருகிலேயே அமர்ந்திருக்கையில், பெரும்பாலும் பேச முடிவதில்லை.