ராக்கபில்லி: பருத்திக்காட்டில் முளைத்த ஒரு சொல்

'ராக்கபில்லி' என்று தமிழில் எழுதினால் முதலில் கண்ணில் படுவது 'பில்லி'தான். உடனே பில்லி சூனியம் நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1950-களின் நடுவில் தலையெடுத்த ஒரு பாட்டு வகையின் பெயர் இது. 'ராக் அண்ட் ரோல்' என்பதன் தலையும் 'ஹில்பில்லி' என்பதன் வாலும் ஒட்டிக்கொண்டு உண்டான சொல்.

தலையிலிருந்து தொடங்குவோம். ராக் என்றால் பாறை என்று நினைத்து 'பாறை இசை' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. இந்த ராக், தொட்டிலை ஆட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல். கப்பல் அலையில் அப்படியும் இப்படியும் ஆடுவதையும் உருளுவதையும் சொல்ல ராக், ரோல் என்ற இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள். பிறகு கறுப்பின மக்களின் பேச்சிலும் பாட்டிலும் அது நடனத்துக்கும் கட்டில் சுகத்துக்கும் மறைமொழியானது. ஆக, கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டம்தான் பொருள்.

வால் பகுதியில்தான் வலி இருக்கிறது. ஹில் என்றால் குன்று. பில்லி என்பது வில்லியம் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். நாம் 'குப்பன் சுப்பன்' என்று சொல்வதைப் போல, ஊர் பேர் தெரியாத ஒருவனைக் குறிக்க வசதியான பெயர். 1900-இல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்று ஹில்பில்லிக்கு விளக்கமே கொடுத்தது: அலபாமாவின் குன்றுகளில் வாழும் வெள்ளையன், கையில் காசில்லாதவன், கிடைத்ததை உடுத்துபவன், வாய்க்கு வந்ததைப் பேசுபவன், விஸ்கி கிடைத்தால் குடிப்பவன், தோன்றினால் துப்பாக்கியால் சுடுபவன். நகரத்து மேசையில் உட்கார்ந்து எழுதிய வரி என்பது படித்தாலே தெரியும். 1925-இல் ஒலிப்பதிவுக்கு வந்த ஒரு தென்னகக் குழுவிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்டபோது, நாங்கள் வெறும் ஹில்பில்லிக் கூட்டம்தான் என்று அதன் தலைவர் ஆல் ஹாப்கின்ஸ் சொல்ல, அதுவே குழுவின் பெயராகி, அந்த இசைக்கும் பெயரானது. ஏளனம் தன் காதிலேயே ஒலிப்பதை உணர்ந்தோ என்னவோ, அமெரிக்க இசைத் துறை இதழான 'பில்போர்டு' 1949-இல் இந்த வகைப் பாட்டுகளுக்கான தன் பட்டியலின் தலைப்பை 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றிக்கொண்டது.

சரி, இந்த இரண்டு பாதிகளும் ஒரே ஆளுக்குள் எப்படிச் சேர்ந்தன? அதற்கு ராக்கபில்லிப் பாடகரும் கிதார் கலைஞருமான கார்ல் பெர்கின்ஸின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். இந்த இசையின் புகழ்பெற்ற முகமான எல்விஸ் பிரெஸ்லியைச் சொல்லாமல் இவரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சொல்லின் பொருள் முழுவதும் இவர் கைவிரல்களில் இருந்தது.

1932-இல் டென்னசி மாநிலத்தின் டிப்டன்வில் அருகே, அடுத்தவர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். வயலில் கூட வேலை செய்த கறுப்பினத்தவர்களின் பாட்டு பகலெல்லாம் காதில் விழும். சனிக்கிழமை இரவானால் வீட்டு வானொலியில் நாஷ்வில்லிலிருந்து 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சி, அதாவது வெள்ளையர்களின் நாட்டுப்புறப் பாட்டு. பையன் கிதார் கேட்டான். வாங்க வழியில்லாத அப்பா ஒரு சுருட்டுப் பெட்டியில் துடைப்பக் கம்பைச் செருகி ஒன்று செய்து கொடுத்தார். பிறகு ஒரு பழைய கிதார் கிடைத்தது. வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜான் வெஸ்ட்புரூக் என்ற வயதான கறுப்பினப் பருத்தித் தொழிலாளி. பிள்ளைகளுக்கு அவர் 'அங்கிள் ஜான்'.

அந்தக் கிதாரில் தந்தி அறுந்தால் புதிதாக வாங்கக் காசு கிடையாது. அறுந்ததை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்வார். விரலை ஓட்டினால் முடிச்சு கீறிவிடும். அதனால் முடிச்சுக்கு இந்தப் பக்கமே விரலை நிறுத்தி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் சுரத்தைத் தொடப் பழகினார். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவதைப் போன்ற வேலை. கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையின் உயிரே அந்த இழுப்பில்தான் இருக்கிறது. ஒரு பையன் வறுமையின் முடிச்சைத் தவிர்க்கப் போய் அங்கே போய்ச் சேர்ந்தான். பெர்கின்ஸே பின்னாளில் சொன்ன இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் விரல் நுனி கூசும்.

1950-களின் தொடக்கத்தில் அண்ணன் ஜே, தம்பி கிளேட்டன் ஆகியோருடன் ஜாக்சன் நகரின் சாராயக் கடைகளில் வாசித்தார். மெதுவான நாட்டுப்புறப் பாட்டை எடுத்து, ப்ளூஸ் தாளத்தைப் பூட்டி, ஆடுகிறவர்களின் காலுக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டுவார். அதற்கு அப்போது பெயர் கிடையாது. 1954-இல் ஒருநாள் வானொலியில் எல்விஸின் முதல் இசைத்தட்டு ஒலித்தது. கேட்ட மனைவி வால்டா, இது நீங்கள் வாசிக்கிற மாதிரியே இருக்கிறதே என்றார். பெயர் வைப்பதற்கு முன்பே பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டது.

அந்த எல்விஸ் தட்டையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஆர்தர் கிரடப் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ். மறுபக்கத்தில் பில் மன்றோவின் புளூகிராஸ் பாட்டு, அதாவது வெள்ளையர்களின் நாட்டுப்புற இசையில் ஒரு வகை, வேகம் கூட்டப்பட்டது. ராக்கபில்லி என்ற சொல்லின் இரண்டு பாதிகளும் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாக இருந்தன. வாசித்தவர்கள் மூன்றே பேர், தாளக் கருவியே இல்லை. நின்றபடி வாசிக்கும் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் தந்தியை இழுத்து விட்டு, அது கட்டையில் 'டக்' என்று மோத, உள்ளங்கையால் அடித்து அதையே மத்தளமாக்கினார் பில் பிளாக். மெம்பிஸில் யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில் 'சன்' நிறுவனத்தை நடத்திய சாம் ஃபிலிப்ஸ், இரண்டு நாடாப் பதிவுக் கருவிகளைக் கொண்டு குரலுக்குப் பின்னால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் எதிரொலியை ஒட்டவைத்தார். பேஸின் அடியும் இந்த எதிரொலியும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ராக்கபில்லி என்று சொல்லிவிடலாம்.

பெர்கின்ஸும் அதே சன் நிறுவனத்தின் படியேறினார். 1955 இறுதியில் ஒரு நடன இரவில், நீல நிற மென்தோல் செருப்பை மிதித்துவிடாதே என்று ஒரு பையன் தன் ஜோடியிடம் சிடுசிடுத்ததைக் கேட்டார். அப்படி ஒரு செருப்பைப் பற்றிப் பாட்டு எழுதேன் என்று பாடகர் ஜானி கேஷ் முன்பே சொல்லியிருந்தார். அன்றிரவு வீட்டில் தாள் இல்லை. உருளைக்கிழங்குப் பையைத் தட்டிவிட்டு அதில் எழுதினார், அந்தத் தோலின் பெயரை எழுத்துப் பிழையோடு. அதுதான் 'ப்ளூ ஸ்வேட் ஷூஸ்'. டிசம்பர் 19 அன்று பதிவாகி, 1956 புத்தாண்டில் வெளிவந்து, பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. வெகுஜனப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, கறுப்பினத்தவரின் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று மூன்று பட்டியல்களிலும் ஏறியது. நிறம் பார்த்துத் தனித்தனியாகப் பிரித்துவைத்த பட்டியல்கள் அவை.

அப்புறம் நடந்தது கொடுமை. மார்ச் 22 அன்று, தொலைக்காட்சியில் பாட நியூயார்க் போகும் வழியில், டெலவேர் மாநிலத்தின் டோவர் அருகே கார் விபத்து. பெர்கின்ஸுக்கு முதுகெலும்பில் முறிவு, ஜேவுக்குக் கழுத்தில். பெர்கின்ஸ் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஏப்ரல் 3 அன்று எல்விஸ் அதே பாட்டைத் தொலைக்காட்சியில் பாடினார். ஜே 1958-இல் இறந்துபோனார். பெர்கின்ஸ் 1998 வரை வாழ்ந்தார். அவர் பாடல்களை பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள், அவர் இறுதிச் சடங்குக்கு அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் வந்து பாடினார். ஆனாலும் அந்த வசந்தகாலம் திரும்பி வரவில்லை.

சொல் அச்சேறியது அதே 1956-இல்தான். ஜூன் மாத 'பில்போர்டு' இதழில் அதைக் காணலாம். ராக்கபில்லிப் பாடகர்களான ஜானி பர்னெட், டார்சி பர்னெட் சகோதரர்களின் மகன்களான ராக்கி, பில்லி ஆகியோரின் பெயரைச் சேர்த்து உண்டானது என்ற கதையும் உலவுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஹில்பில்லி என்ற சொல் ஊரறிய வழங்கிவந்த காலத்தில், இந்தச் சொல் பிறக்க இரண்டு குழந்தைகள் தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன். சன் நிறுவனப் பாடகி பார்பரா பிட்மன் பின்னாளில், அந்தக் காலத்தில் இது எங்களுக்கு ஒரு வசவு, ஹில்பில்லிகள் என்று எங்களைச் சொல்வதற்கு ஒரு வழி, போகப் போகத்தான் கொஞ்சம் கௌரவம் வந்தது என்ற பொருளில் சொன்னார்.

தமிழில் என்ன சொல்லலாம்? ராப் இசைக்குச் 'சொல்லிசை' அழகாக நிலைத்துவிட்டது. இதற்கும் ஒன்று வேண்டும். 'குன்றாட்டிசை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'குன்றா' என்று பிரித்துக் குறையாத என்று படிப்பார்கள், இல்லையென்றால் ஆட்டைத் தேடுவார்கள். 'துள்ளிசை' விறுவிறுப்பான எந்தப் பாட்டுக்கும் வழங்குகிறது. 'நாட்டுத் துள்ளிசை' பரவாயில்லை. ஆனால் 'நாட்டு' நமக்கு மரியாதையான சொல். நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை என்றால் விலை கூடுகிறது. ஹில்பில்லியில் இருக்கும் குத்தல் அதில் வராது.

அந்தக் குத்தல் இருக்கும் தமிழ்ச் சொல் 'பட்டிக்காட்டான்'. ஏளனமாகச் சொல்லப்பட்டு, சொல்லப்பட்டவர்களே பெருமையாக எடுத்துக்கொள்ளவும் கூடிய சொல். ஆட்டத்துக்கு, நம் யாப்பிலேயே இருக்கிறது துள்ளல்: கலிப்பாவுக்குரிய ஓசை. எனவே 'பட்டிக்காட்டுத் துள்ளல்' என்பதே என் பரிந்துரை. கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் 'ராக்கபில்லி என்னும் பட்டிக்காட்டுத் துள்ளல்' என்று எழுதிவிட்டு, பிறகு எது வாக்கியத்தில் இயல்பாக உட்காருகிறதோ அதை எழுதலாம். பாடுகிறவரை ராக்கபில்லிக்காரர் என்றே சொல்லலாம். ராக்கபில்லியைப் பங்க் ராக் இசையோடு கலந்து பின்னால் வந்த சைக்கோபில்லி போன்ற வகைகளுக்கு இந்தப் பெயரை நீட்ட வேண்டாம். அங்கே 'பில்லி' வெறும் விகுதியாகிவிட்டது, பட்டிக்காடு அதில் இல்லை.