சீரொளி

லேசர் என்பது ஒரு சொல்லாகப் பிறந்ததல்ல. 'லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன்' என்ற தொடரின் முதலெழுத்துகள் அவை. தமிழில் விரித்தால், தூண்டிய உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல். இதற்கு மூத்தது மேசர். 1954-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் அம்மோனியா மூலக்கூறுகளைக் கொண்டு நுண்ணலையைப் பெருக்கிக் காட்டினார்கள். அதன் 'எம்', மைக்ரோவேவ். 1957-இல் கோர்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் அந்த எழுத்தை மாற்றி லேசர் என்று எழுதினார். உண்மையில் இது வெறும் பெருக்கியல்ல, தானே அலையை உண்டாக்கும் அலையியற்றி (ஆஸிலேட்டர்). அதை ஒழுங்காகச் சொல்லப்போனால், 'ஆம்ப்ளிஃபிகேஷன்' இருந்த இடத்தில் 'ஆஸிலேஷன்' வந்து பெயர் 'லோசர்' ஆகிவிடும் என்று இயற்பியலாளர்கள் கிண்டலடிப்பதுண்டு!

பெயரில் வராத இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு: இது வெப்பத்தை வேலையாக மாற்றும் ஒரு வெப்ப இயந்திரம். 1959-இல் பெல் ஆய்வகத்தின் ஸ்கோவிலும் ஷுல்ஸ்-டுபுவாவும் மேசரை வைத்து அதைக் காட்டினார்கள். அணுவுக்கு மூன்று ஆற்றல் மட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூடான மூலம் அணுவை அடிமட்டத்திலிருந்து உச்சிக்கு ஏற்றுகிறது. உச்சியிலிருந்து நடுமட்டத்துக்கு இறங்கும்போது மிச்ச ஆற்றல் குளிர்ந்த பக்கத்துக்குப் போகிறது. நடுவிலிருந்து அடிக்கு இறங்கும்போது வெளிவரும் அலைதான் நமக்குக் கிடைக்கும் வேலை. பயனுறுதிறன் என்பது வெளிவரும் அதிர்வெண்ணை உள்ளே போகும் அதிர்வெண்ணால் வகுத்தது, அவ்வளவுதான். நடுமட்டத்தில் அடிமட்டத்தைவிட அதிக அணுக்கள் இருந்தால்தான் பெருக்கம் நடக்கும். அந்த நிபந்தனையை வெப்பநிலைகளில் எழுதிப் பார்த்தால், நீராவி இயந்திரத்தின் பயனுறுதிறனுக்கு 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ வகுத்த அதே எல்லை வந்து நிற்கிறது. ஒற்றை அணுவும் அதைத் தாண்டுவதில்லை.

இயற்பியலாளர் தியோடர் மெய்மன் 1960-இல் முதல் லேசராக ஒளிரவைத்த மாணிக்கக் கல்லையே எடுத்துக்கொள்ளலாம். சுமார் 550 நானோமீட்டர் பச்சை ஒளியை விழுங்கி, 694 நானோமீட்டர் சிவப்பைத் தருகிறது. ஒரு ஒளித்துகளின் ஆற்றலில் ஏறக்குறைய 79% திரும்பி வரும், மீதி கல்லைச் சூடாக்கும். கல்லுக்கு ஒளியூட்டும் விளக்கில் ஏற்படும் இழப்பு தனி, அது இதைவிடப் பெரிது.

சரி, தமிழில் என்ன? 'சீரொளி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பெருக்கத்தையும் தூண்டலையும் விட்டுவிட்டதே என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. குண்டு பல்பின் ஒளியை வெப்பத்தோடு சேர்க்கிறோம், லேசர் ஒளியை வேலை என்கிறோம். வேறுபாடு ஒழுங்கில் இருக்கிறது: ஒரே அதிர்வெண், ஒரே திசை, ஒரே கட்டம் (அலைகள் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்குவது), அதனால் மிகச் சொற்பமான என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மை. 'சீர்' அதைத்தான் சொல்கிறது. கடையில் யாரும் சீரொளி அச்சுப்பொறி கேட்கப்போவதில்லை, கேட்கவும் வேண்டாம். பாடநூலில் இருந்தால் போதும். மேசருக்கு இது பொருந்தாது, நுண்ணலை கண்ணுக்குத் தெரியும் ஒளியல்லவே. 'சீரலை' என்றால் ஒலியையும் குறிக்கும். அதனால் மேசரை மேசர் என்றே எழுதுகிறேன்.