கேமரா பார்ப்பது வேட்டியை

கல்யாண ஆல்பத்தைப் புரட்டியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களிடமிருந்து எங்கள் ஊரில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, பையன் முகம் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது?" படமெடுத்தவர் உடனே கணினியைத் திறந்து முகத்தை மட்டும் வெளுத்துக் கொடுத்துவிடுவார். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாகப் பையன் சுவரில் தொங்குவான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் படமெடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பையனின் நிறத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சத்தை அளந்தவர் வேட்டியை அளந்திருக்கிறார். கையில் பிடித்து அளக்கும் லைட் மீட்டர் இந்தத் தவறைத் தவிர்க்கும்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. அந்தப் பொருள் வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். கோயிலின் தகரக் கொட்டகை ஓரத்தில், நேர் வெயில் படாத திறந்த நிழலில் மாப்பிள்ளையை நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 நொடி. படச் சட்டம் நிறைய வெள்ளைப் பட்டு வேட்டியைக் காட்டினால் கேமரா ஏறத்தாழ எஃப்/11 கேட்கும். எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் எண்; எண் கூடினால் துவாரம் சுருங்கும், ஒளி குறையும், முகம் கறுக்கும். அதே இடத்தில் மைத்துனரின் கறுப்புக் கோட்டைக் காட்டினால் எஃப்/2.8 என்று சொல்லும். இடையில் வெயில் மாறவில்லை, மேகம் வரவில்லை. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு. இரண்டுக்கும் நடுவே நான்கு ஸ்டாப், அதாவது பதினாறு மடங்கு வித்தியாசம். இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்து இதை ஓரளவு சரிக்கட்டுகின்றன. ஆனால் வேட்டி, ஜரிகை, மாலை, பின்னால் வெயில் என்று எல்லாம் ஒன்றாகச் சேரும்போது அவையும் தடுமாறுகின்றன.

கையடக்க லைட் மீட்டரின் வெள்ளைக் குமிழ் இந்தச் சிக்கலுக்குள் போவதே இல்லை. ஆள்மீது வந்து விழும் ஒளியைத்தான் அது அளக்கிறது. மேற்சொன்ன நிழலில் எஃப்/5.6 என்று சொல்லும். வேட்டி கட்டியவருக்கும் கோட்டுப் போட்டவருக்கும் அதே 5.6 தான். வேட்டி வெள்ளையாகவும், கோட்டுக் கறுப்பாகவும், முகம் அதன் சொந்த நிறத்திலும் வந்து நிற்கும். குமிழைப் பாதி உருண்டையாக அமைக்கும் யோசனை அமெரிக்கரான டான் நோர்வுட்டினுடையது. முகமும் ஒரு வளைவான பொருள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் ஒளி படுகிறது. எல்லாவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. செக்கோனிக் எல்-398 போன்ற மீட்டர்கள் அந்த வழியில் வந்தவை.

நம் ஊருக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்றால், நம் குடும்பப் படங்களைப் பாருங்கள். ஒரே வரிசையில் கருநிறத் தாத்தா, மாநிறப் பெண், பக்கத்தில் சீன நண்பர், அவருக்கு அடுத்து மலாய்க்கார ஆசிரியை. யார் முகத்தை வைத்துக் கேமராவிடம் கேட்டாலும் மற்றவர் கெட்டுப்போவார். விழும் ஒளி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் ஓர் அளவீடு எல்லாருக்கும் போதும். கருத்த முகத்தில் நிழல் விவரம் இன்னும் வேண்டும் என்றால் நான் மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறப்பேன். அது என் ரசனை. வண்ணப் புகைப்படங்களை அச்சிடும் கூடங்களில் பல்லாண்டுகள் அளவுகோலாகப் புழங்கிய கோடாக்கின் 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நம் தோலை மனத்தில் வைத்து யாரும் அந்த அட்டையைத் தயாரிக்கவில்லை. இன்றும் முகத்தை வெளுத்துத் தருவதைச் சேவை என்று விலைப்பட்டியலில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அளக்கும் முறை எளிது. ஆளின் தாடைக்குக் கீழே மீட்டரைப் பிடித்து, குமிழைக் கேமராவின் லென்ஸைப் பார்த்துத் திருப்புங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. செம்பனை மரங்களுக்கடியில் ஜோடியை நிறுத்தினால் ஓலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். அங்கே ஓர் அங்குலம் நகர்ந்தால் அளவு தாவிவிடும். மீட்டரோடு போராடாமல் ஜோடியை நல்ல நிழலுக்கு நகர்த்துவதே புத்தி. உச்சி வெயில் தனித் தொல்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கும். மீட்டர் சரியான எண்ணைச் சொன்னாலும் கண்குழி இருட்டாகத்தான் இருக்கும். அளவு வேறு, வெளிச்சத்தின் அழகு வேறு.

மண்டபத்துக்குள் வந்தால் குழல்விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். 1/500 வைத்து அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். அப்போது மீட்டரைப் பழிக்க வேண்டாம். ஷட்டரை 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள். ஸ்டூடியோ ஃபிளாஷ் பயன்படுத்துபவர்களுக்குக் கைமீட்டர் இன்னும் பெரிய உதவி. ஃபிளாஷை அடித்து ஒவ்வொரு விளக்கையும் தனியாக அளக்கலாம். முதன்மை விளக்கு எஃப்/8, நிரப்பு விளக்கு எஃப்/5.6 என்று வந்தால் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு என்று தெரிந்துவிடும். அடுத்த வாரம் வேறு மண்டபத்தில் அதே முகவெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர இந்த இரண்டு எண்களைக் குறித்து வைத்தால் போதும்.

கேமரா திரையில்தான் எல்லாம் தெரிகிறதே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். வெயிலில் நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்தத் திரை இருட்டாகத் தெரியும். தேவைக்கு மேல் திறந்துவிடுவீர்கள். ஆனாலும் மீட்டர் எல்லா இடத்துக்கும் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குத்துவிளக்குச் சுடர், அந்தி வானம், வண்ணச் சரவிளக்கு ஆகியவை தாமே ஒளிர்பவை; அவற்றைச் சட்டத்தின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் கேமராவின் ஸ்பாட் அளவீட்டில்தான் பார்க்க வேண்டும். தாலியை லென்ஸில் மிக அருகில் எடுக்கும்போது சென்சாருக்கு வரும் ஒளி குறையும். பொருளின் உண்மை அளவிலேயே பிம்பம் சென்சாரில் விழும் ஒன்றுக்கொன்று அளவில் ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் குறையும். கைமீட்டருக்கு அது தெரியாது, நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் மாட்டினாலும் அப்படியே. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடும் பிள்ளைகளின் தாடையைத் துரத்திக்கொண்டு மீட்டரோடு போகிறவரை யாரும் தேட மாட்டார்கள்.

பழைய மீட்டரை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒளி பட்டாலே மின்சாரம் தரும் செல் கொண்ட செலினியம் வகைக்கு மின்கலம் வேண்டாம் என்று விற்பவர் புகழ்வார். அந்தச் செல் ஆண்டுகள் போகப் போக வலுவிழக்கும். மேகமோ புகைமூட்டமோ இல்லாத வெயிலில் குமிழைச் சூரியனை நோக்கிப் பிடியுங்கள். ஐஎஸ்ஓ 100, 1/125க்கு எஃப்/16ஐ ஒட்டி முள் நிற்க வேண்டும். எஃப்/8 என்று காட்டினால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் குமிழை ஒருமுறை மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். கல்யாண வீடுகளில் சுற்றிய மீட்டர்களில் குங்குமமும் சந்தனமும் அப்பியிருக்கும். அதுவே அளவைக் குறைத்துக் காட்டும்.