முட்டைகளோடு இறந்த இகுவானா: அதன் உடலுக்குள் நடந்தது என்ன?

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் என் அக்காள் குடும்பம் வசிக்கிறது. மண் கேரளத்து மண். வீட்டில் பேசுவது தமிழ். அந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக வளர்ந்துவந்த பச்சை இகுவானா என்னும் பெரிய பல்லியினம் ஒன்று, சென்ற கோடையில், வயிறு நிறைய முட்டைகளோடு இறந்துபோனது. அதை வளர்த்தவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகள். "ஆணே இல்லாம முட்டை எப்படிங்க மாமா வந்துச்சு?" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அதன் பிறகு ஒவ்வொன்றாக மற்றவை வந்தன: உருவான முட்டையை ஏன் இட முடியவில்லை, அந்த முட்டைகளையாவது பிழைக்க வைத்திருக்கலாமா, தான் கவனிக்காமல் விட்டதால்தான் அது செத்ததா. கடைசிக் கேள்விக்கான பதில் முதல் மூன்றின் பதில்களுக்குள் இருக்கிறது என்பதால், அவளுக்குச் சொன்னவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அக்கம்பக்கத்தார் அதைப் பச்சை உடும்பு என்றே அழைத்தார்கள். உடும்பு நம் நாட்டு விலங்கு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பச்சை இகுவானாவோ நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், அது இறந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

ஆண் இல்லாமல் முட்டை வருவதில் விந்தை ஏதுமில்லை. சேவலே இல்லாத பண்ணைக் கோழி முட்டையிடுகிறது. கடையில் நாம் வாங்குவதெல்லாம் அத்தகைய முட்டைதான். அடை வைத்தாலும் குஞ்சு பொரிக்காத முட்டையைக் கூமுட்டை என்கிறோம். பருவமடைந்த பெண் இகுவானா, பகற்பொழுதின் நீளம், வெப்பம், உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஆகியவை ஒத்துவந்தால், இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை முட்டை உருவாக்கத் தொடங்கிவிடும். அப்போது சூலகத்திலிருந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்ட, கல்லீரல் வைட்டெல்லோஜெனின் என்னும் புரதத்தைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. இதுதான் மஞ்சட்கருவின் மூலப்பொருள். இரத்தத்தில் மிதந்துவரும் அதைச் சூலகத்திலுள்ள நுண்ணறைகள் உறிஞ்சிக்கொண்டு, கடுகளவிலிருந்து கோலிக்குண்டு அளவுக்குப் பருக்கின்றன. பின்னர் அவை வெடித்து, மஞ்சட்கரு உருண்டைகள் இரண்டு முட்டைக்குழாய்களுக்குள் இறங்குகின்றன; அங்கே அவற்றின்மேல் தோல் போன்ற ஓடு படிகிறது. ஒரே ஈட்டில் இருபது முதல் எழுபது முட்டைகள் வரை இருக்கும். நன்கு வளர்ந்த இகுவானாவில் அந்த ஈட்டின் எடை, தாயின் எடையில் கால் பங்கையும் தாண்டிவிடுவதுண்டு.

இவ்வளவுக்கும் பொருள் எங்கிருந்து வருகிறது? கொழுப்பு, வயிற்றின் பின்பகுதியில் இருக்கும் கொழுப்புப் பொதிகளிலிருந்து வருகிறது. சிக்கல் கால்சியத்தில்தான். மஞ்சட்கருவுக்கும் ஓட்டுக்கும் கால்சியம் வேண்டும்; பிறகு முட்டையை வெளியே தள்ளும் தசைகள் சுருங்கவும் அதே கால்சியம் வேண்டும். உணவில் வருவது போதாதபோது, பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்துக்கு ஈடுகட்டுகிறது. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கோ வைட்டமின் டி3 தேவை; இகுவானா அதைப் பெரும்பாலும் வெயிலிலிருந்துதான் செய்துகொள்கிறது. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் தோலில் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் உருமாறுகிறது. உடற்சூடு அதை மெல்ல டி3 ஆக்குகிறது. பின்னர் கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன.

கொழிஞ்சாம்பாறையில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. கணவாய்க் காற்றும் கரிசல் மண்ணும் பனைமரங்களுமாக, கேரளத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாத வறண்ட நிலம் அது. அக்காள் வீட்டிலும் கண்ணாடிக் கூண்டைக் கிழக்குச் சன்னலோரமாகத்தான் வைத்திருந்தார்கள். காலை முழுவதும் இகுவானா மஞ்சள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும். ஆனால், டி3 உருவாகத் தேவையான அந்தக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. சன்னல் கண்ணாடியும் கூண்டுக் கண்ணாடியுமாக இரண்டைக் கடந்துவந்த வெயிலில் ஒளியும் சூடும் இருந்தன. வேண்டிய கதிர் இல்லை. இதற்கென விற்கும் விளக்கிலும் இதே ஏமாற்று உண்டு: ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதன் புறஊதாக் கதிர் மங்கிவிடும், விளக்கு மட்டும் பழையபடி பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது.

தீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இகுவானா தழை தின்னும் விலங்கு. அதன் உணவில் பாஸ்பரசைப் போல இரு மடங்கு கால்சியம் இருப்பது நல்லது. முருங்கைக்கீரை அந்த வகையில் சிறந்தது; செம்பருத்தி இலையும் பூவும் அதற்கு மிகவும் விருப்பமானவை. பசலைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவற்றை அளவோடு கொடுக்க வேண்டும். பழுத்த நேந்திரங்காயை அது ஆசையாகத் தின்னும், அதில் கால்சியம் அற்பம். எங்கள் அக்காள் வீட்டு இகுவானாவுக்கு நேந்திரம்பழம் தாராளமாகவே கிடைத்தது.

இனி, முட்டை வெளியே வரும் விதம். பாலூட்டிகளின் பேறுகாலத்தில் ஆக்சிடோசின் செய்யும் வேலையை ஊர்வனவற்றில் அர்ஜினின் வாசோடோசின் என்னும் ஹார்மோன் செய்கிறது. மூளையடியிலிருந்து அது சுரக்க, முட்டைக்குழாய்ச் சுவரில் புரோஸ்டாகிளாண்டின்கள் என்னும் வேதிப்பொருள்களும் சேர்ந்துகொள்ள, தசை அலையலையாகச் சுருங்கி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறது. இதில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒன்று உண்டு: அந்தத் தாய்க்கு இடம் பிடித்திருக்க வேண்டும். காட்டில் பெண் இகுவானா ஈரப்பதமுள்ள தளர்ந்த மண்ணைத் தேடிச் சென்று, உடல் முழுவதும் மறையும் அளவுக்குச் சுரங்கம் தோண்டி, அதன் முடிவில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். பனாமா நாட்டின் காதுன் ஏரியில் சுலோத்தியா என்ற மிகச் சிறிய தீவுத்திட்டு ஒன்று இருக்கிறது. மரமடர்ந்த பாரோ கொலராடோ தீவிலிருந்து பெண் இகுவானாக்கள் தண்ணீரைக் கடந்து அங்கே வந்து, நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்று தோண்டிய குழியை இன்னொன்று கிளறியும் முட்டையிடுவதை ஆய்வாளர்கள் 1960களிலிருந்து பதிவு செய்திருக்கிறார்கள். திறந்த வெயிலும் தோண்டத் தக்க மண்ணும் கிடைப்பதற்காக அவ்வளவு பாடு. தரையில் செய்தித்தாள் விரித்த கூண்டில் அந்த விலங்கு எதைத் தோண்டும்? தோண்டியாக வேண்டும் என்ற உந்துதல் நிறைவேறாதபோது, எல்லாம் ஆயத்தமாக இருந்தும் முட்டையிடுவதை அது தள்ளிப்போட்டுக்கொண்டே போகக்கூடும்.

தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் உள்ளே கணக்கு கூடுகிறது. ஊர்வனவற்றுக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நுரையீரலும் குடலும் முட்டையும் ஒரே அறையில் இருக்கின்றன. முட்டைத்திரள் குடலை நசுக்குவதால் இரை இறங்காது. நுரையீரலை அழுத்துவதால் மூச்சு சுருங்கும். உண்ணாததால் கால்சியம் மேலும் குறையும். கால்சியம் குறைவதால் தசை வலுவிழந்து முட்டையைத் தள்ள இயலாமல் போகும். கால்விரல்கள் துடிப்பது அந்தக் குறைவின் வெளிப்படையான அடையாளம். குழாயில் கிழிசல் ஏற்பட்டு மஞ்சட்கரு வயிற்றறைக்குள் கசிந்தால் கடும் அழற்சி உண்டாகும். முட்டை குழாய்க்கு வந்த பிறகு நேரும் இந்தத் தேக்கம் ஒரு வகை. நுண்ணறைகள் பருத்தும் வெடிக்காமல் சூலகத்திலேயே தங்கிவிடுவது மற்றொரு வகை. எது என்பதை எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் சொல்லும். முதல் வகையில் கால்சியம், நீர்ச்சத்து, வெதுவெதுப்பு, தோண்ட மண் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆமைகளில் நன்றாக வேலை செய்யும் ஆக்சிடோசின் ஊசி பல்லியினத்தில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை என்பதால் பல சமயம் அறுவை சிகிச்சையே மிஞ்சுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. சினையான, முழு ஆரோக்கியமான பெண் இகுவானாவும் முட்டையிடுவதற்கு முந்தைய சில வாரங்களில் தின்பதைக் குறைத்து, பிறகு அறவே நிறுத்திவிடும். அதுவும் கூண்டைச் சுற்றிச்சுற்றி வரும், மூலையைப் பிறாண்டும், உடல் மெலிந்து வயிறு மட்டும் புடைத்திருக்கும். ஆபத்தில் இருக்கும் இகுவானாவும் தொடக்கத்தில் இதையேதான் செய்யும். சுறுசுறுப்பு இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்பது ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக்காட்டும். இரையாகும் விலங்குகள் தளர்ச்சியை இயன்றவரை வெளிக்காட்டுவதில்லை என்பதால், அந்த வேறுபாடும் பெரும்பாலும் கடைசி ஓரிரு நாளில்தான் கண்ணில் படுகிறது.

முட்டைகளைக் காப்பாற்றும் கேள்விக்கு வருகிறேன். இந்த வீட்டில் ஆண் இகுவானாவே இருந்ததில்லை. ஆகவே அவை அத்தனையும் கூமுட்டைகள். இணை சேர்ந்த விலங்காக இருந்தால் கதை வேறு. பெரும்பாலான பல்லியினங்களில் முட்டை இடப்படும்போதே கருவளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்கும். தாயின் உள்ளே இருக்கும்வரை அந்தக் கருவுக்கான ஆக்சிஜன் முட்டைக்குழாய்ச் சுவரின் இரத்த நாளங்கள் வழியாகவே வருகிறது. தாயின் இரத்த ஓட்டம் நின்றதும் முட்டை மூச்சுத்திணறத் தொடங்கிவிடும். ஓடு முற்றிய முட்டைகளை மிக விரைவில் எடுத்து, புரட்டாமல் கொள்ளாமல் எடுத்த வாக்கிலேயே வெர்மிகுலைட் என்னும், ஈரம் தாங்கும் தாதுத்துகளை நனைத்து அதில் 30 பாகை செல்சியசுக்குச் சற்று முன்பின்னான வெப்பத்தில் வைத்தால், சில பிழைக்க வாய்ப்புண்டு; பொரிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஓடு படியாத மஞ்சட்கருக்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அப்படி எடுக்கும் முன் தாய் இறந்துவிட்டது உறுதியாக வேண்டும். குளிர்ந்துபோன ஊர்வன அசைவற்றுக் கிடப்பதுண்டு. மாறாக, மூளை செயலிழந்த பின்னும் இதயம் நெடுநேரம் துடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. ஆகையால் வீட்டில் கத்தியெடுக்கும் வேலை கூடவே கூடாது. காரணம் தெரிய வேண்டுமானால் உடலைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறையவிட்டால் பனிப்படிகங்கள் திசுக்களைச் சிதைத்துவிடும். தொட்டவர்கள் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா தாயின் குடலிலும் தோலிலும் இருக்கக்கூடும். பிரேதப் பரிசோதனைக்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தி போன்ற இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்களுக்கு உதவியது எல்லைக்கு இந்தப் பக்கத்து மருத்துவர் ஒருவர். ஓடு முற்றிய முட்டைகள் முப்பத்தெட்டு, அவற்றில் ஒன்று உடைந்து கசிந்திருந்தது, எலும்புகள் மெலிந்திருந்தன என்றார்.

அவ்வளவும் கேட்ட பிறகு பிள்ளை சொன்னது: "அப்போ எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுதானுங்களே இருந்துச்சு." பரூக் பிஷாஃப் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட சோதனையில், 1814இல் ஆங்கிலேயருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றிச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார். முடிவை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த குழுவினர், அந்த முடிவு படித்ததிலிருந்தே ஊகிக்கத்தக்கதாக இருந்தது என்று கருதினார்கள். சொல்லப்படாதவர்களுக்கு அவ்வாறு படவில்லை. விளைவு தெரிந்துவிட்ட மனம், பழைய அடையாளங்களுக்கெல்லாம் அப்போது இல்லாத வெளிச்சத்தைப் பூசிவிடுகிறது. கண்ணாடியும் நேந்திரம்பழமும் தவறுகள்தாம், அதை நான் மறைக்கவில்லை. உண்ணாதிருந்த வாரங்களை அவள் தவறாகப் படிக்கவில்லை, அவற்றை வேறுவிதமாகப் படிக்க வழியே இருக்கவில்லை. "ஓர் ஓணானுக்கா இத்தனை அழுகை?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டது வேறு அவளைப் பேசாமல் இருக்க வைத்திருந்தது, சுற்றியிருப்போர் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்துக்கு உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று 1989இல் கென்னத் டோகா பெயரிட்டார்.

அவளிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. தினமும் என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று எழுதி வைத்திருந்தாள். கடைசிப் பக்கங்களில் "இன்றும் சாப்பிடவில்லை" என்ற வரி இருபத்துநான்கு நாள்களுக்கு இருந்தது. ஒன்பதாம் நாளில் மட்டும் கூடுதலாக, "மூலைக் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது, வெளியே போக ஆசை போலும்" என்று எழுதியிருந்தாள். அதைக் கிழித்துப்போடப் போவதாகச் சொன்னவளிடமிருந்து மருத்துவர் குறிப்பேட்டை வாங்கி, அந்த இருபத்துநான்கு நாள்களையும் தம் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். தம்மிடம் வரும் அடுத்த இகுவானாவுக்கு இது வேண்டியிருக்கும் என்றார்.